ஆலடித்துறை அணையில் சாலோமி அளந்தது

சாலோமி அப்பாத்துரை பிறந்தது 1888 நவம்பர் 3, சனிக்கிழமை. பதினோரு வயதில் அவர் செய்த காரியம் ஒன்றை அவருடைய அப்பாவே எனக்குச் சொன்னார். ஞாயிறு பள்ளியில் பின்வரிசைப் பிள்ளைகளுக்கு வசனம் மனப்பாடம் ஆகாது என்று உபதேசியார் ஓயாமல் சொல்வாராம். சாலோமி தோழிகளோடு பேசி வைத்துக்கொண்டு, நாலு வாரம் முன்வரிசையையும் பின்வரிசையையும் இடம் மாற்றி உட்கார வைத்தார். ஒவ்வொரு வாரமும் யார் பிழையில்லாமல் சொன்னார்கள் என்று சிலேட்டில் கோடு போட்டார். முன்னால் வந்த ‘மந்தங்கள்’ ஒழுங்காகச் சொன்னார்கள். பின்னால் போன கெட்டிக்காரர்கள் திணறினார்கள். உபதேசியாரின் குரல் நாலாவது வரிசையைத் தாண்டவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து யார் எதை அடித்துச் சொன்னாலும் சாலோமி கேட்பது ஒரே கேள்வி: “எத்தனை தடவை பாத்திய?”

அந்தக் கேள்வி அவருடைய அப்பாவின் வேலையையும் பெயரையும் காப்பாற்றிய இருபத்தாறு நாட்களைத்தான் இங்கே எழுதுகிறேன். தேதிகளும் அளவுகளும் அன்றன்று குறித்தவை. ஞாபகத்திலிருந்து எடுத்தவை அல்ல.

1913இல் சாலோமி பாளையங்கோட்டையில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் மனநூல் கற்பித்துக்கொண்டிருந்தார். கவனம் எப்படி ஓடுகிறது, ஞாபகம் எதைப் பிடித்து எதை விடுகிறது, பழக்கம் எப்படிப் படிகிறது, கண்ணும் காதும் கொண்டுவரும் செய்தியை மனம் என்ன செய்கிறது என்பதெல்லாம் அந்தப் பாடம். அவருடைய அப்பா அப்பாத்துரை, பாளையங்கோட்டைக்குக் கிழக்கே வண்டியில் இரண்டு மணி நேரத் தொலைவிலிருந்த ஆலடித்துறை அணையில் பத்தொன்பது ஆண்டுகளாக நீர்மட்டம் குறிப்பவர். காலை ஏழு மணிக்கு அவர் குறிப்பார். மாலை ஆறு மணிக்கு நான். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஆறு ஆண்டு அனுபவம்.

வேலை சின்னதுதான். அணையின் தென்சுவரில் அடியும் அங்குலமும் கொத்திய ஒரு அளவுக்கல். படியில் இறங்கி, தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். சிக்கல் என்னவென்றால் தாமிரபரணி அந்த இடத்தில் நிற்காது. அலை மூன்று நாலு அங்குலம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நடுமட்டத்தைக் கண்ணால்தான் தீர்மானிக்க வேண்டும்.

அந்த அளவுக்கு ஒரு விதி இருந்தது. மட்டம் நாலடியோ அதற்கு மேலோ இருந்தால் மேலக்கால்வாய் மதகு திறந்திருக்கலாம். நாலடிக்குக் கீழே போனால் மதகைப் பாதி இறக்கி, தண்ணீரைக் கீழூர்களுக்கு விட வேண்டும். அந்த ஜனவரி முழுவதும் ஆறு நாலடிக்கு முன்பின்னாகவே ஓடியது. பிசானப் பருவத்து நெல் பால் பிடிக்கும் நேரம். ஓர் அங்குலத்துக்கு ஊர்கள் அடித்துக்கொள்ளும்.

பிப்ரவரி 3, திங்கட்கிழமை காலை ஓவர்சியர் மீரா முகைதீன் குதிரையில் வந்து இறங்கினார். கையில் கீழூர்க்காரர்களின் மனு. ரிஜிஸ்தரை வாங்கிப் புரட்டினார்.

“வே அப்பாத்துரை, ஜனவரி ஒண்ணுலேர்ந்து முந்தாநாள் வரைக்கும் முப்பத்திரண்டு நாள். இருபத்தேழு நாள் காலையில நாலடி, அல்லது அதுக்கு மேல. இருபத்தொன்பது நாள் சாயங்காலம் நாலடிக்குக் கீழ. ஆறு என்ன, உமக்கு சலாம் போட்டு எந்திரிச்சு, இவருக்குப் படுத்துக்கிடுதா?”

“ஐயா, நான் பாத்ததைத்தான் எழுதியிருக்கேன்.”

“மேலக்கால்வாயில உம்ம பெரியப்பா மகனுக்கு வயல் இருக்கா, இல்லையா?”

“இருக்கு.”

“அப்ப நான் எதை நம்பட்டும்? மார்ச் ஒண்ணாந் தேதி பெரிய இஞ்சினியர் துரை வாராரு. அதுக்குள்ள காரணம் சொல்லும். இல்லேன்னா ‘பொய் அளவு எழுதினதுக்காக நீக்கம்’னு நான் எழுதவேண்டி வரும்.”

ஓவர்சியர் நீட்டிய ரிஜிஸ்தரை அப்பாத்துரை வாங்கிக்கொண்டார். எனக்கோ, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உள்ளுக்குள் ஒரு நிம்மதி. என் அளவுகளை யாரும் சந்தேகிக்கவில்லையே!

செய்தி பாளையங்கோட்டைக்குப் போனது. எட்டாம் தேதி சனிக்கிழமை, இரண்டு வார விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு சாலோமி வந்து சேர்ந்தார். ஒரு டிரங்குப் பெட்டி, ஆறு நோட்டுப் புத்தகங்கள், ஒரு குடை. வந்தவர் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழவில்லை. ரிஜிஸ்தரை வாங்கி, முப்பத்திரண்டு நாள் வித்தியாசத்தையும் கூட்டினார். மொத்தம் 61 அங்குலம். நாளொன்றுக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவு.

“அப்பா, ஒண்ணு கேக்கணும். நான் இதை முறையா ஆராயப்போறேன். நீங்க பொய் எழுதினியன்னு வந்துட்டா?”

“வந்தா எழுது.”

“என் கையாலயா?”

“ஏளா, உன் கையால எழுதினாத்தான் நான் நம்புவேன்.”

அன்று மாலையே தொடங்கிவிட்டார். முதலில் எங்கள் இருவரையும் தனித்தனியாக உட்கார வைத்து, மட்டம் பார்க்கும்போது மனத்துக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லச் சொன்னார். தன் மனத்தைத் தானே கவனித்துச் சொல்வது மனநூலில் பழைய முறை என்றார்.

“என்ன நடக்கும்? பாக்கேன், எழுதுதேன்” என்றார் அப்பாத்துரை.

“நடுவுல?”

“நடுவுல பேனாவைத் தொடைப்பேன்.”

நான் மட்டும் என்ன வாழ்ந்தேன்? “உள்ளது உள்ளபடி பாக்கேன்” என்று பெருமையாகச் சொன்னேன். சாலோமி அதை அப்படியே எழுதிக்கொண்டு சிரித்தார். “தானியேல் அண்ணே, தப்பு செய்யுற மனசுக்குத் தான் தப்பு செய்யுறது தெரியாது. அதனால இந்த வழி இங்க எடுபடாது. வெளியிலேர்ந்துதான் பாக்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ய அப்பாத்துரை விடவில்லை. “மட்டம் பாக்குறது அவசியம், பாப்பேன். உன் ஆராய்ச்சி நாளைக்கு” என்றார். திங்கட்கிழமை விடிந்ததும் சாலோமி தச்சரை வைத்து ஒரு பனைமரத் துண்டை உள்ளே குடைய வைத்தார். அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதை அளவுக்கல்லின் மறுபக்கத்தில் நட்டு நிறுத்தினார். ஆறு வெளியே எவ்வளவு குதித்தாலும் குழாய்க்குள் தண்ணீர் சலனமில்லாமல் நின்றது. அதில் ஒரு நெட்டித் துண்டை மிதக்கவிட்டு, அதன்மேல் அங்குலம் குறித்த குச்சி ஒன்றைச் செருகினார். நாங்கள் பார்க்க முடியாதபடி மேலே கோணி போட்டு மூடினார்.

“இந்தக் குச்சியை யாரு பாத்துச் சொல்லுவா?” என்று ஓவர்சியர் கேட்டார்.

“உங்க பியூன். எழுதி உங்ககிட்டயே தரட்டும். நான் பாக்க மாட்டேன்.”

“ஏன்? உனக்குத்தான படிக்கத் தெரியும்?”

“நான் மக. அப்பா தப்பிக்கணும்னு என் கண்ணுக்கும் ஆசை இருக்கும்லா?”

ஓவர்சியர் அவர் பக்கம் திரும்பினார். பிறகு சந்தேகத்தோடு, “உங்கப்பாவுக்குச் சித்தம் சரியில்லேன்னு சொல்லித் தப்பிக்க வைக்கப்போறியோன்னு நெனச்சேன். உன் படிப்பு அதைப் பத்தினதுதான?” என்றார்.

“அதுவும் அதுல ஒரு பிரிவு ஐயா. சித்தம் கலங்கினவங்களைப் பத்தி ஒண்ணு, குழந்தைகளைப் பத்தி ஒண்ணு, மிருகங்களைப் பத்தி ஒண்ணு, கூட்டமா சேர்ந்தா ஆளுக எப்படி மாறுதாங்கன்னு ஒண்ணு. நான் பாக்கப்போறது சாதாரணப் பிரிவு. நல்லா இருக்குற ஒரு ஆளு, நல்ல வெளிச்சத்துல, எப்படிப் பாக்குதாருன்னு.”

பத்தாம் தேதி மாலையிலிருந்து பதின்மூன்றாம் தேதி மாலைவரை ஏழு அளவு. பதின்மூன்றாம் தேதி மாலை ஓவர்சியரின் தாளை ரிஜிஸ்தருக்குப் பக்கத்தில் வைத்தோம். சாலோமி முதல் வரியைப் படித்ததுமே எழுந்து நின்றுவிட்டார்.

குழாய்க்குள் காலைக்கும் மாலைக்கும் வித்தியாசம் கால் அங்குலம்கூட இல்லை. ஆறு எழவும் இல்லை, படுக்கவும் இல்லை! அப்பாத்துரை காலையில் ஓர் அங்குலம் கூட்டி எழுதியிருந்தார். அதுவரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வரியைப் பார்த்ததும் முகம் சுட்டது. நான் மாலையில் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறைத்து எழுதியிருந்தேன். நாலு நாளும்.

“ஏலே தானியேல்! உனக்குக் கீழூர்ல வயல் இருக்கா?” என்றார் அப்பாத்துரை. அந்த வாரத்தில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

எனக்கு எங்கேயும் வயல் இல்லை.

ஓவர்சியர் தாடியை நீவினார். “சரி, ரெண்டு பேரும் தப்பு. அவரு கண்ணு மேல பாக்குது, இவரு கண்ணு கீழ பாக்குது. ஆளுக்கு ஆளு கண்ணு வேற. அதான காரணம்?”

“இருக்கலாம்” என்றார் சாலோமி. “ஆளுக்கு ஆளு அளவு மாறும்னு வானத்தைப் பாக்குற சாஸ்திரிகளே கண்டிருக்காங்க. ஆனா இதுல ரெண்டு விஷயம் ஒண்ணா கலந்து கெடக்கு. காலைன்னா அப்பா, சாயங்காலம்னா தானியேல் அண்ணன். ஆளு காரணமா, நேரம் காரணமான்னு எப்படித் தெரியும்? பிரிச்சுப் பாக்கணும்.”

பதினான்காம் தேதியிலிருந்து எங்களை மாற்றினார். காலை நான், மாலை அப்பாத்துரை. நாலு நாள். ஞாயிற்றுக்கிழமை அளவுகளும் சேர்ந்தன. குழாயைப் பியூன் பார்த்ததால் அப்பாத்துரை தடுக்கவில்லை. நான் இந்தத் தடவை விடக்கூடாது என்று கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். அலை ஏறுவதையும் இறங்குவதையும் இருபது முறை எண்ணி, நடுவைப் பிடித்து எழுதினேன்.

பதினேழாம் தேதி தாளைப் பிரித்தோம். காலையில் நான் முக்கால் அங்குலம் கூட்டியிருந்தேன். மாலையில் அப்பாத்துரை ஓர் அங்குலம் குறைத்திருந்தார்!

“ஆளு இல்ல!” என்று சாலோமி கத்தினார். குடை கைதவறிப் படியில் உருண்டது. “ஆளு இல்ல, நேரம்! அப்பா, உங்க சொந்தக்காரரு வயலுக்காக நீங்க கூட்டி எழுதுறவருன்னா, சாயங்காலம் ஏன் குறைச்சு எழுதணும்?”

அப்பாத்துரை உட்கார்ந்துவிட்டார். பதினான்கு நாளாக விறைத்திருந்த தோள் இறங்கியதை நான் பார்த்தேன்.

ஓவர்சியர் அவ்வளவு சீக்கிரம் விடுகிறவர் அல்ல. “மாத்திப் பாக்கப்போறோம்னு தெரிஞ்சதும் மனுசன் மாத்தி எழுத மாட்டானாக்கும்? துரை இதைத்தான் மொதல்ல கேப்பாரு. என்ன காரணம்னு காட்டு.”

“கேக்க வேண்டிய கேள்விதான்” என்று சாலோமி அதையும் எழுதிக்கொண்டார்.

காலைக்கும் மாலைக்கும் என்னென்ன வேறு? வெயில் விழும் திசை. பதினெட்டாம் தேதி ஓலைப்பாய் கட்டி அளவுக்கல்லை இரண்டு வேளையும் நிழலாக்கினார். வித்தியாசம் அப்படியே இருந்தது. சாப்பாடா? நான் காலையில் சாப்பிடாமலும் பார்த்தேன், நீராகாரம் குடித்துவிட்டும் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன. மார்ச் ஒன்றுக்கு இன்னும் பத்து நாள்தான்.

“இனி எதையும் மாத்தப்போறதில்ல. சும்மா உக்காந்து கவனிக்கப்போறேன்” என்றார் சாலோமி. நாங்கள் இருவரும் எங்கள் பழைய வேளைகளுக்குத் திரும்பினோம். பத்தொன்பதும் இருபதும், ஒரு புன்னை மரத்தடியில் நோட்டோடு உட்கார்ந்து, நாங்கள் அணைக்கரையில் கால் வைத்ததிலிருந்து பேனாவை மூடும்வரை நடந்த ஒவ்வொன்றையும் எழுதினார். எத்தனை படி இறங்கினோம், எந்தக் கையால் கம்பியைப் பிடித்தோம், யார் இருமினார்கள், யார் என்ன பேசினார்கள் எல்லாம்.

இருபதாம் தேதி மாலை நான் எழுதி முடித்துப் படியேறினேன். சாலோமி நோட்டின் நாலு பக்கங்களை விரல் வைத்து மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பூதத்தான் அண்ணாச்சி, கொஞ்சம் இங்கன வாங்க.”

சங்கிலிபூதத்தான் அணையின் காவல்காரர். லஸ்கர் என்பது உத்தியோகப் பெயர். ஐம்பது வயது இருக்கும். மதகு ஏற்றுவதும் இறக்குவதும், ரிஜிஸ்தரைப் பெட்டியிலிருந்து எடுத்து எங்கள் கையில் தருவதும் அவர் வேலை.

“அண்ணாச்சி, அப்பா காலையில வந்ததும் நீங்க என்ன சொன்னிய?”

“என்னத்த சொன்னேன்? ‘தண்ணி நெறைஞ்சு வருது அண்ணாச்சி’ன்னேன்.”

“நேத்து?”

“நேத்தும் அதான். தெனமும் அதான்.”

“சாயங்காலம் இவங்க வரும்போது?”

“‘வடிஞ்சு போச்சு தம்பி’ன்னேன். பகல் முச்சூடும் வெயில்ல நின்னவன் வேற என்ன சொல்லுவான்?”

“காலையில தண்ணி நெசமாவே நெறைஞ்சு வந்துச்சா?”

பூதத்தானுக்குக் கேள்வியே புரியவில்லை. “வாத்தியாரம்மா, விடிஞ்சதும் மொத வார்த்தை ‘வடிஞ்சு போச்சு’ன்னா வாயில வரும்? ஊரு வெளங்குமா? அரிசி தீந்தாக்கூட காலையில ‘நெறைஞ்சிருக்கு’ன்னுதான சொல்லுவோம். எங்கப்பன் இதே அணையில அப்படித்தான் சொன்னான். ஆத்துல மணல் மட்டும் கெடந்தாலும் ‘நெறைஞ்சு வருது’ன்னுதான் சொல்லுவேன்.”

சாலோமி என் பக்கம் திரும்பினார். “தானியேல் அண்ணே, அவரு சொல்லுறது உங்க காதுல விழுமா?”

ஆறு ஆண்டாக விழுந்ததை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அதைச் சொன்னேன்.

“அதான்! காது கேட்டுச்சு, நீங்க கேக்கல. அலை மேலயும் கீழயுமா ஆடுது. எது நடுன்னு கண்ணு தயங்குற நேரத்துல, அந்த வார்த்தை கண்ணை ஒரு பக்கமா பைய நெட்டுது. எதை எதிர்பாக்கமோ அதைக் கண்ணு பாக்கும். காலையில ஓரங்குலம் மேல, சாயங்காலம் ஓரங்குலம் கீழ!”

பூதத்தானின் முகம் வெளுத்தது. “என் வாயாலயா அண்ணாச்சிக்கு இந்தக் கேடு?”

“யாராலயும் இல்ல. இன்னும் இது நெசமான்னே தெரியாது. இது என் ஊகம். சோதிக்கணும்.”

பாளையங்கோட்டைக்கு அன்றே ஆள் போனது. இருபத்திரண்டாம் தேதி சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஏழு மாட்டுவண்டிகளில் இருபத்தெட்டு பயிற்சி மாணவிகள் ஆலடித்துறையில் வந்து இறங்கினார்கள். அணைக்கரை அப்படி ஒரு சிரிப்பையும் கூச்சலையும் அதற்கு முன் கண்டதில்லை. சோற்று மூட்டைகளை அவிழ்ப்பதற்குள்ளேயே சீட்டுக் குலுக்கி அவர்களைப் பதினான்கு பதினான்காகப் பிரித்தார் சாலோமி. பிரித்தது எதற்கு என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. கல்லை ஒவ்வொருத்தியாகப் போய்ப் பார்த்து, சீட்டில் எழுதி, பானையில் போட வேண்டும். பேசக்கூடாது. பூதத்தான் முதல் பிரிவுக்கு ‘நெறைஞ்சு வருது’ என்றும், இரண்டாவது பிரிவுக்கு ‘வடிஞ்சு போச்சு’ என்றும் மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். குழாயைப் பியூன் பார்ப்பார். பூதத்தான் படியில் சொல்வது காதில் விழாத தூரத்தில் அவர் நிற்பார்.

எல்லாம் தயார். அப்போது பூதத்தான், ‘வடிஞ்சு போச்சு’ மட்டும் சொல்ல மாட்டேன் என்று நின்றுவிட்டார்.

“உச்சி தாண்டாம என் வாயில அது வராது. அதும் கன்னிப் பிள்ளைங்ககிட்ட!”

“அண்ணாச்சி, இது சோதனை.”

“சோதனைன்னா தெய்வம் சும்மா விட்டுருமா? வெயில் சாயட்டும். அப்புறம் நூறு தடவை சொல்லுதேன்.”

இருபத்தெட்டுப் பெண்களும் சோற்று மூட்டையை அவிழ்த்தார்கள். பன்னிரண்டரைக்குச் சோதனை தொடங்கியது. ஒன்று ஐம்பதுக்கு முடிந்தது.

சீட்டுகளை எண்ணும் வேலை எனக்கு. ஒவ்வொரு சீட்டின் பின்னாலும் பிரிவின் எண் இருந்தது. கூட்டினேன். நம்பாமல் மறுபடி கூட்டினேன். குழாயில் அந்த நேரம் முழுவதும் 3 அடி 10 அங்குலம். ‘நெறைஞ்சு வருது’ கேட்ட பதினான்கு பேரின் சராசரி 3 அடி 11. ‘வடிஞ்சு போச்சு’ கேட்டவர்களின் சராசரி 3 அடி 9 அங்குலமும் கொஞ்சமும். ஒரே கல், ஒரே தண்ணீர், ஒரே வெயில். வித்தியாசம் ஒன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைவு! முதல் பிரிவில் மூன்று பேர் குழாய்க்குக் கீழேயும் எழுதியிருந்தார்கள். இன்பமணி என்ற பெண் சரியாகப் பத்து எழுதியிருந்தாள். சாலோமி அந்த நாலையும் மறைக்காமல் குறிக்கச் சொன்னார்.

நான் எண்களை உரக்கப் படித்ததும் பெண்கள் ஆரவாரம் செய்தார்கள். ஓவர்சியர் கையை உயர்த்தினார்.

“கொஞ்சம் பொறுங்க. எல்லாம் பச்சப் பிள்ளைங்க. எதைச் சொன்னாலும் நம்பும். இருபத்திரண்டு வருசம் மட்டம் பாத்த என் கண்ணு ஒரு சொல்லுக்கு அசையுமா? என்கிட்ட சொல்லட்டும், பாப்போம்.”

சாலோமி சங்கடத்தோடு தலைகுனிந்தார். “ஐயா மன்னிக்கணும். காலையில எட்டு மணிக்கு நீங்க வந்தப்ப, சாட்சிக்கு ஒரு அளவு எழுதித் தாங்கன்னு கேட்டேன்லா?”

“ஆமா. உறையில போட்டு ஒட்டித் தந்தேன்.”

“அப்ப பூதத்தான் அண்ணாச்சி உங்ககிட்ட என்ன சொன்னாரு?”

ஓவர்சியர் பூதத்தானைப் பார்த்தார். பூதத்தான் ஆற்றைப் பார்த்தார்.

“எலே… ‘நெறைஞ்சு வருது மொதலாளி’ன்ன!”

உறையை ஓவர்சியரே கிழித்தார். 3 அடி 11½. அந்த நேரத்துக்கான குழாய் அளவு பியூனின் தாளில் இருந்தது: 3 அடி 10¼. ஒன்றேகால் அங்குலம்! பெண்கள் வாயை முந்தானையால் மூடிக்கொண்டார்கள். ஒருத்திக்கு அடக்க முடியாமல் சிரிப்பு பீறிட்டது. முதலில் முகம் சிவந்த ஓவர்சியர், பிறகு அளவுக்கல்லே அதிரும்படி சிரித்தார்.

“அல்லாவே! வே அப்பாத்துரை, நானும் உம்ம பெரியப்பா மகனுக்குத் தண்ணி விட்டுட்டேன்வே!”

“ஒரு தடவை பாத்தது ஒண்ணும் சொல்லாது ஐயா” என்றார் சாலோமி அவசரமாக. “உங்க ஒரு அளவை நான் கணக்குல சேக்கல. இன்னும் ஆறு நாள் இருக்கு. பூதத்தான் அண்ணாச்சி ஆறு நாளும் வாயைத் திறக்கக்கூடாது. அப்ப வித்தியாசம் போகுதான்னு பாக்கணும். போகலேன்னா நான் சொன்னது தப்பு. அதையும் துரைகிட்ட எழுதிக் குடுப்பேன்.”

விடுப்பு முடிந்திருந்தது. அன்று மாலை சாலோமி மாணவிகளோடு பாளையங்கோட்டைக்குத் திரும்பினார். மீதி ஆறு நாளும் அவர் பார்வையில் இல்லை. “நான் இங்க இல்லாததே நல்லது” என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

அந்த ஆறு நாளும் பூதத்தான் பட்ட பாட்டை எப்படி எழுதுவது! காலையில் அப்பாத்துரை வரும்போது வாயில் துண்டைச் சுற்றிக்கொண்டு நிற்பார். இருபத்தைந்தாம் தேதி, “ஊமை மாதிரி நின்னு வரவேத்தா ஊருக்கு ஆகுமா? எழுதி முடிச்சதுக்கு அப்புறமாவது ஒரு வார்த்தை சொல்லிக்கிடுதேனே” என்று கெஞ்சினார். ஓவர்சியர் ஒப்பவில்லை. துரை வந்து போகும்வரை ஒரு வார்த்தையும் கிடையாது.

இருபத்தெட்டாம் தேதி மாலை ஓவர்சியரின் தாள் வந்தது. பன்னிரண்டு அளவு. காலைக்கும் மாலைக்கும் ரிஜிஸ்தரில் இருந்த வித்தியாசம் சராசரி கால் அங்குலம். இரண்டு அங்குலம் எங்கே, கால் அங்குலம் எங்கே! நான் ஒரு வாடகை வண்டி பிடித்துப் பாளையங்கோட்டைக்கே போய்ச் சொன்னேன். இரவு பாடம் எழுதிக்கொண்டிருந்த சாலோமி, கையிலிருந்த பேனாவை மூடவும் மறந்து, “கால் அங்குலமா?” என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் தாளைக் காட்டினேன்.

மார்ச் ஒன்றாம் தேதி பெரிய இஞ்சினியர் துரை வந்தார். முந்தின இரவே சாலோமி எழுதி முடித்து என்னிடம் கொடுத்தனுப்பிய பதினாறு பக்க அறிக்கையை அணைக்கரையில் நாற்காலி போட்டு நாற்பது நிமிஷம் படித்தார். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் சாலோமி, கீழூர்க்காரர்கள் சொன்னதும் பொய்யில்லை என்று எழுதியிருந்தார்: காலையில் மதகு திறந்த பல நாட்களில் உண்மையான மட்டம் நாலடிக்குக் கீழேதான் இருந்தது, அவர்களுக்குச் சேர வேண்டிய தண்ணீர் குறைந்தது, ஆனால் யாரும் அதைத் திருடவில்லை. அதைப் படித்ததும் துரை தலை நிமிர்ந்து, இந்த அப்பாத்துரையின் மகளா இதை எழுதியது என்று ஓவர்சியரிடம் கேட்டார். ஆமாம் என்றார் ஓவர்சியர். துரை குழாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு நாலு வரி எழுதினார். அப்பாத்துரைமேல் குற்றமில்லை. இனி குழாய் மட்டமே அதிகாரபூர்வ மட்டம். மரத்துக்குப் பதில் இரும்பில் ஒன்று செய்து வைக்க வேண்டும். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் இழந்த நாட்களுக்குக் கீழூர்களுக்கு முறைத் தண்ணீர் கூடுதலாக விட வேண்டும். அளவு எழுதி முடியும்வரை யாரும் குறிப்பவரிடம் பேசக்கூடாது.

“எழுதி முடியிற வரைக்கும்தான?” என்று பூதத்தான் ஓவர்சியரிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

மறுநாள் ஞாயிறு, மார்ச் 2. கோயிலுக்குப் போகும் முன் அப்பாவைப் பார்க்க சாலோமி முந்தின இரவே வந்திருந்தார். நானும் விடியற்காலையே போய் நின்றேன். ஆறு அந்த ஆண்டில் அதுவரை இல்லாத அளவுக்கு இறங்கியிருந்தது. அப்பாத்துரை படியிறங்கினார். பூதத்தான் உதட்டை இறுக்கிக்கொண்டு ரிஜிஸ்தரை நீட்டினார். அப்பாத்துரை கோணியை விலக்கி, குச்சியைப் பார்த்து, பேனாவைத் துடைத்து எழுதினார்: 3 அடி 7 அங்குலம். மை உறிஞ்சும் தாளை வைத்து ஒற்றினார். ரிஜிஸ்தரை மூடினார்.

“தண்ணி நெறைஞ்சு வருது அண்ணாச்சீ!”

ஏழு நாள் அடைத்து வைத்த குரல் அக்கரைப் பனங்காட்டில் போய் மோதியது. பாதி மணல் தெரிந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டே அப்பாத்துரை, “ஆமாவே, நெறைஞ்சுதான் வருது” என்றார்.

சாலோமி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நோட்டைத் திறந்தார். தேதி போட்டு, மூன்றடி ஏழு என்று எழுதினார். பிறகு என்னிடம், “தானியேல் அண்ணே, இது ஒரு நாள்தான். நாளைக்கும் பாருங்க” என்றார்.

பார்த்தேன்.